பால் இருக்கிறது, நேரம்தான் இல்லை

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் இணை உணவோடு தாய்ப்பால் என்று சுகாதார நிலையச் சுவர்கள் எல்லாம் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான். சரியான அறிவுரை. ஆனால், ஆறு மாதம் குழந்தையின் பக்கத்திலேயே இருக்க எந்தத் தாயால் முடியும் என்று எந்தச் சுவரொட்டியும் கேட்பதில்லை.

தமிழ்நாடு அரசின் நிரந்தரப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு கிடைக்கிறது. போராடிப் பெற்ற நல்ல உரிமை அது. அதே அலுவலகத்தின் கழிவறையைக் கழுவும் பெண் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தால், அவருக்கு விடுப்பு சட்டத்தில் இருந்தாலும் கையில் கிடைப்பது அரிது. இருவரும் தாய்கள். இருவருக்கும் பால் சுரக்கிறது. ஒருவருக்கு ஓராண்டு நேரம் இருக்கிறது. மற்றவருக்கு ஒரு மாதம்கூட இல்லாமல் போகலாம். இந்த இரண்டு வேலைகளில் எது யாருக்கு என்பதைப் பெரும்பாலும் சாதிதான் இன்னும் முடிவு செய்கிறது. தாய்ப்பாலைப் பற்றித் தலித் பக்கத்தில் எழுத வேண்டிய காரணம் இதுதான்.

பாடியின் நாள் கணக்கு

சென்னையின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பாடி, ஒரு காலத்தில் திருவலிதாயம் கோயிலால் அறியப்பட்ட ஊர். 1960களில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் போன்ற ஆலைகளால் தொழில் ஊரானது. 1964-ல் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 2011-ல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து பாடியும் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. இப்போது 7-வது மண்டலமான அம்பத்தூர் மண்டலத்தில் இருக்கிறது.

ஆலைகளின் நிரந்தர வேலை ஒரு தலைமுறைக்கு வீடும் படிப்பும் தந்தது. ஆனால் அந்த வேலைகளில் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள். பெண்களுக்குக் கிடைத்தவை வேறு வேலைகள்: தொழிற்பேட்டையின் ஆயத்த ஆடை நிறுவனங்கள், பொட்டலம் கட்டும் கூடங்கள், பல மாடி ஜவுளிக் கடைகள், அண்ணா நகர் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்குவது, அலுவலகங்களில் ஹவுஸ்கீப்பிங், தெருவில் குப்பை அள்ளுவது. கடையில் நிற்கும் பெண்கள் உட்காருவதற்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. உட்காரவே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுக்கும் இடத்தை யார் தருவார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். காலை 7.30 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் பெண், வேலை முடித்து, பேருந்து பிடித்து, மாலை 6.30-க்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 11 மணி நேரம். அதற்குள் குழந்தை குறைந்தது நான்கு முறையாவது பசித்து அழும். அந்த நான்கு முறையும் வீட்டில் இருக்கும் ஆயாவோ, பெரிய மகளோ, பக்கத்து வீட்டுக்காரரோ புட்டிப்பாலோ பிஸ்கெட் கரைத்த தண்ணீரோ கொடுப்பார்கள். குழந்தை சப்பாத மார்பில் பால் சுரப்பு குறையும். சில வாரங்களில் “எனக்குப் பால் பத்தவில்லை” என்று அந்தத் தாயே நம்பத் தொடங்குவார். பால் பற்றாமல் போனது உடலின் குறையால் அல்ல என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

எண்கள் சொல்வது

2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. நாட்டுக்கே எடுத்துக்காட்டான சாதனை. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகள் 60.2 சதவீதமே. ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் 55.1 சதவீதம், அகில இந்திய அளவு 63.7. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவரும் செவிலியரும் இருக்கும் இடத்தில் நடந்தும், தாய்ப்பாலில் நாம் பின்னால் நிற்கிறோம்.

இதற்கு ஒரு காரணம் அறுவைச் சிகிச்சைப் பிரசவம். தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையில் நடக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். வயிற்றுத் தையலோடு படுத்திருக்கும் தாயின் மார்பில் உடனே குழந்தையைச் சேர்த்துவிட ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் முதல் உணவாகப் புட்டிப்பால் வந்துவிடுகிறது. மற்றொரு காரணம், மருத்துவமனையை விட்டு வெளியே வந்தபின் நடப்பது. சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் என்று பழைய பழக்கங்கள் ஒருபுறம். வேலை மறுபுறம்.

இனி குழந்தையின் உடல். இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பட்டியல் சாதிக் குழந்தைகளில் 39 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பழங்குடிக் குழந்தைகளில் 41 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் எவரிலும் சேராத குடும்பங்களில் 30 சதவீதம். ஐந்து வயதுக்குள்ளேயே சாதி உயரத்தில் தெரிந்துவிடுகிறது.

உடல் பருமனில் படம் தலைகீழ். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 4.3 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். அகில இந்திய அளவு 3.4. பெரிய பிள்ளைகளின் நிலை இன்னும் வேகமாக மாறுகிறது. 5 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பிள்ளைகளில் 1990-ல் சுமார் 4 லட்சம் பேருக்கே உடல் பருமன் இருந்தது. 2022-ல் அது 1.25 கோடி. சென்னைப் பள்ளிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் தனியார் பள்ளிப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் அதிக எடையோடு இருந்தனர். அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை.

இதைப் பார்த்து, “பருமன் பணக்காரப் பிள்ளைகளின் நோய், நம் பிள்ளைகளுக்கு எடை குறைவுதானே பிரச்சினை” என்று தோன்றலாம். இங்கேதான் ஏமாறக் கூடாது.

ஒல்லியான உடலுக்குள் கொழுப்பு

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 1990களில் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார். அந்தக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எலும்பு, தசை, வயிற்று உறுப்புகள் எல்லாம் நம் குழந்தைகளுக்குக் குறைவு. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

2004-ல் அவரும் ஆங்கிலேய மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் அதே ஆண்டு, ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திருக்காமல் 23 என்ற அளவிலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொன்னது.

தில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. இளம் வயதிலேயே சர்க்கரை நோயும் அதன் முன்நிலையும் வந்தவர்கள், இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பிறகு வேகமாக எடை கூடியவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமனான பிள்ளை இல்லை. பள்ளியில் யாரும் அவர்களை ‘குண்டு’ என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆபத்து பார்வைக்குத் தெரியாமலே வளர்ந்தது.

எடை குறைந்து பிறக்கும் குழந்தை, ஆறு மாதம் போதிய தாய்ப்பால் இல்லாமல், ஒரு வயதில் முட்டையும் பருப்பும் இல்லாமல் வளர்கிறது. மூன்று வயதிலிருந்து பிஸ்கெட்டும் சிப்ஸும் குளிர்பானமும் கிடைக்கின்றன. இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதைத்தான் தில்லி ஆய்வு காட்டுகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் நான்கே ஆண்டுகளில் 30.9 சதவீதத்திலிருந்து 40.4 சதவீதமாகிவிட்டார்கள். அதே கணக்கெடுப்பில் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கொழுப்பும் குறைபாடும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. குடிசையும் காலனியும் இரண்டு பக்க அடியையும் வாங்குகின்றன.

தாய்ப்பால் எதைச் செய்யும், எதைச் செய்யாது

தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் பருமன் குறைவு என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாடுகளில் பலவற்றில் தாய்ப்பால் அதிக நாள் கொடுப்பவர்கள் படித்த, வசதியான தாய்மார். அந்த வசதியே பிள்ளையின் எடையைக் காத்திருக்கலாம்.

இதைப் பிரித்தறிய பெலாரஸ் நாட்டில் 1996-97-ல் 17,046 தாய்-சேய் இணைகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த சில மருத்துவமனைகளில் தாய்ப்பாலுக்குச் சிறப்பு உதவி. மற்றவற்றில் வழக்கமான சிகிச்சை. உதவி கிடைத்த இடங்களில் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் 43.3 சதவீதம், மற்ற இடங்களில் 6.4 சதவீதம். முதலாண்டில் வயிற்றுப்போக்கு தெளிவாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பதினொன்றரை வயதை எட்டியபோது பருமனில் குறைவு எதுவும் தெரியவில்லை.

ஆக, தாய்ப்பால் குழந்தையைக் கழிச்சலிலிருந்தும் தொற்றிலிருந்தும் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. குடிநீர் வண்டிக்குக் காத்திருக்கும் குடியிருப்பில் அது உயிர் காக்கும் காரியம். ஆனால், பருமனுக்கு அது மட்டுமே மருந்து என்று சொல்லி, பிள்ளையின் எடைக்கும் தாயையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறிவியலும் அல்ல, நியாயமும் அல்ல. தாய்ப்பாலுக்குப் பின் தட்டில் என்ன விழுகிறது, விளையாட இடம் இருக்கிறதா, கடையில் எது மலிவாகக் கிடைக்கிறது என்பவையும் சேர்ந்தே பிள்ளையின் உடலை உருவாக்குகின்றன.

அங்கே நிறம், இங்கே சாதி

அமெரிக்காவில் இந்த விவாதம் நிறத்தை ஒட்டி நடக்கிறது. அங்கே 2015-ல் பிறந்த வெள்ளையினக் குழந்தைகளில் 85.9 சதவீதம் பேர் தாய்ப்பால் குடிக்கத் தொடங்கினர்; கறுப்பினக் குழந்தைகளில் 69.4 சதவீதம். 2017-20 கணக்கின்படி கறுப்பினப் பிள்ளைகளில் 24.8 சதவீதம் பேருக்கும், வெள்ளையினப் பிள்ளைகளில் 16.6 சதவீதம் பேருக்கும் உடல் பருமன். கறுப்பினத் தாய்க்குப் பால் கொடுக்க மனமில்லை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். வரலாறு வேறு சொல்கிறது. அடிமை முறைக் காலத்தில் கறுப்பினப் பெண்கள் தம் குழந்தையைப் பட்டினி போட்டுவிட்டு எசமானியின் குழந்தைக்குப் பால் கொடுக்க வைக்கப்பட்டார்கள். 1946-ல் வட கரோலினாவில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் நான்கு பெண் குழந்தைகள் பிறந்தபோது, பெட் மில்க் என்ற பால் நிறுவனம் அந்தக் குழந்தைகளைத் தன் விளம்பர முகமாக்கிக் கறுப்பினத் தாய்மாரிடம் டப்பாப் பாலை விற்றது. இன்றும் அந்த நாட்டில் தேசிய அளவில் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்புச் சட்டம் இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வாரம்.

நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. ‘ஆமா’ என்றால் பால் கொடுக்கும் செவிலி என்றும், சென்னையில் வழங்கும் சொல் என்றும் 1886-ல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி பதிவு செய்திருக்கிறது. வெள்ளைக்கார வீட்டுக் குழந்தைகளுக்குக் கூலிக்குப் பால் கொடுத்தவர்கள் இந்த மண்ணின் ஏழைப் பெண்கள். அவர்கள் வீட்டில் விட்டு வந்த குழந்தைகளைப் பற்றி அகராதியில் ஒரு வரியும் இல்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் வசதியான தாய்மாரைவிட ஏழைத் தாய்மாரே நீண்ட காலம் பால் கொடுக்கிறார்கள். தலித் தாயிடம் குறைவது அறிவோ அன்போ அல்ல. பாலைக் கொடுப்பதற்கான ஓய்வும், கொடுக்கும் உடலுக்கான உணவும், ஆறு மாதத்துக்குப் பின் பிள்ளையின் தட்டுக்கான பணமும்தான் குறைகின்றன.

இது வெறும் வறுமை இல்லையா, சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். 9 மாநிலங்களின் சுமார் 2 கோடி பேரின் விவரங்களைக் கொண்டு 2022-ல் வெளியான ஆய்வு, தலித்துகளின் ஆயுள் ஆதிக்கச் சாதி இந்துக்களைவிட 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்று காட்டியது. பொருளாதார நிலையைக் கழித்துப் பார்த்த பின்னும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. பணத்துக்கு அப்பாலும் ஏதோ ஒன்று ஆயுளைத் தின்கிறது.

அது எப்படி நுழைகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் 38,000 பேரை மத்திய அரசு 2024 வரை கணக்கெடுத்ததில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். இந்தக் கணக்கு பெரும்பாலும் ஆண்களைப் பற்றியது. துடைப்பமும் குப்பை வண்டியும் பிடிக்கும் பெண்களின் தெருவுக்குப் போய்ப் பார்த்தால் படம் பெரிதாக மாறாது. அம்பத்தூர் உள்படப் பல மண்டலங்களில் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் போய்விட்டது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு இரவும் பகலும் உட்கார்ந்தது இந்தத் தனியார்மயத்தை எதிர்த்துத்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும் பங்கு பெண்கள். நிரந்தர வேலை என்ற அவர்களின் கோரிக்கைக்குள் மகப்பேறு விடுப்பும் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, உணவு. 2023 செப்டம்பரில் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் போய்ப் பேசி, உடன் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், ஏழை வீட்டில் குறைந்த விலைக்குப் புரதமும் இரும்புச்சத்தும் தருவது மாட்டுக்கறி. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறாவும் பூண்டும் முருங்கைக்கீரையும் போல அதுவும் வலு சேர்க்கும். ஆனால் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனால் கேலி, வாடகை வீட்டில் சமைத்தால் வீட்டைக் காலி செய் என்ற பேச்சு. உடலுக்கு நல்லதை மறைத்து உண்ண வேண்டிய நிலையில் பிஸ்கெட் பாக்கெட் மட்டும் யாரும் எதுவும் சொல்லாத மரியாதையான உணவாகிவிட்டது.

டப்பாவின் விலை

புட்டிப்பால் வசதி என்று நினைப்பவர்கள் விலையைக் கணக்கிட வேண்டும். அதை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு 400 கிராம் பால்மாவு பாக்கெட் ஏறத்தாழ நான்கு நாள் வரும். ஒரு பாக்கெட் 400 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 3,000 ரூபாய். தாங்க முடியாத குடும்பம் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும். குழந்தையின் வயிறு நிறையும், உடல் நிறையாது. தண்ணீர் சுத்தமில்லை என்றால் கழிச்சலும் வரும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவு, புட்டி, குழந்தை உணவு எதையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் சொல்கின்றன. இலவச மாதிரி தரக் கூடாது. டப்பாவில் குழந்தை படம் போடக் கூடாது. மருத்துவப் பணியாளருக்குப் பரிசு தரக் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க இடம் உண்டு.

2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் விற்ற செரிலாக் வகைகளில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராமுக்கு நெருக்கமாகச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது என்று சொன்னது. அதே நிறுவனம் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் விற்ற அத்தகைய உணவில் சேர்த்த சர்க்கரை இல்லை. உள்ளூர்ச் சட்டப்படியே செய்வதாகவும், சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வருவதாகவும் நெஸ்லே நிறுவனம் பதில் சொன்னது. பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளையும் கொண்டுவந்தது. ஆறு மாதக் குழந்தையின் நாக்குக்கு எந்த நாட்டில் எவ்வளவு இனிப்பு என்பதை அந்த நாட்டின் சட்டமும் மக்களின் கேள்வியும்தான் முடிவு செய்கின்றன என்பது இதில் விளங்கும்.

அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் கிடைக்கும் சத்துமாவை அலட்சியம் செய்யாமல் வாங்கிக் கொடுப்பது நல்லது. அதோடு கேழ்வரகுக் கூழ், குழைத்த பருப்பு சாதம், முட்டை, வாழைப்பழம் போதும். தமிழ்நாட்டில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் போதிய உணவு கிடைக்கிறது.

அம்பேத்கர் கேட்டது

மகப்பேறு விடுப்பு மேலே இருந்து கிடைத்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். 1928 ஜூலையில் பம்பாய் சட்ட மேலவையில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன் என்றார். அந்தச் செலவில் பெரும் பங்கை அரசு ஏற்க வேண்டும், அந்தப் பெண்ணின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். 1929-ல் அது சட்டமானது. 1940களில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது சுரங்கப் பெண்களின் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தும் மசோதாக்களையும் அவர் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகின்றன. பாடியின் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண் இன்னும் அதே ஓய்வைத்தான் கேட்கிறார்.

கேட்டால் கிடைக்க வேண்டியவை

சட்டத்தில் இருப்பதைத் தெரிந்துகொள்வது முதல் படி. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு உதவிச் சட்டமும் அதன் 2017 திருத்தமும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தன. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். வேலைக்குத் திரும்பிய பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். நாளுக்கு நான்கு முறை தாய் அங்கே போய்வரலாம். இதே உரிமைகள் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கின்றன.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.யில் வருவார். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்தாலும் இது பொருந்தும். வேலையில் சேர்ந்த முதல் மாதமே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பணம் கட்டப்பட்டிருந்தால் 26 வாரச் சம்பளம் இ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும். பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாத ஒப்பந்தக்காரர் இருந்தால், அது பிரசவ வலி வந்தபின் தெரிந்து பயனில்லை.

வேலைக்குப் போகாத, அல்லது வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி உண்டு. இதில் 14,000 ரூபாய் தவணைகளாகக் கிடைக்கும். மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். கருவுற்ற 12 வாரத்துக்குள் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும்.

வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் பாலைக் கையால் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைக்கலாம். சென்னை வெக்கையில் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். புட்டி வேண்டாம். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே சிறந்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் செவிலியர் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் பாலாடையும் குறிப்புகளும் காப்பகத்தின் இடத்தை நிரப்பாது. 2015-ல் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அது பயணம் செய்யும் தாய்க்கான அறை. வேலை செய்யும் தாய்க்கான அறை இன்னும் வரவில்லை. அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி இரண்டு வயதுக்குப் பிறகே தொடங்குகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, பிள்ளையின் உடல் தீர்மானமாகும் காலத்தில், கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அரசிடம் கைகொடுக்க ஏறக்குறைய எதுவும் இல்லை.

அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களுக்கு மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. பாடி, கொரட்டூர், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதிகளில் காலை 7 மணிக்குத் திறந்து இரவு 7 மணி வரை இயங்கும் காப்பகங்கள், ஒப்பந்த ஆவணத்திலேயே மகப்பேறு விடுப்பையும் காப்பகத்தையும் கட்டாயமாக்கும் மாநகராட்சி விதி, தொழிற்சாலை ஆய்வின்போது பாலூட்டும் இடைவேளையையும் சரிபார்க்கும் நடைமுறை: இந்த மூன்றையும் பகுதி சபைக் கூட்டத்திலும் மாமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கேட்கலாம். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் கேட்கலாம். மனு எழுதத் தெரிந்த மாணவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும்.